மடியில் கனம்: ஒரு பயணப் பையின் கதை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் பயணத்தைப் பற்றியே இருக்கும். ஒருவர் தமிழ்நாட்டுக்குப் போவார். இன்னொருவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேடான் வரை போய் வருவார். இம்முறை என் முறை. அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. கடப்பிதழ், மின்விசாவின் அச்சுப்படி, வங்கி அட்டை, கொஞ்சம் பணம் ஆகியவற்றை வைத்துக்கொள்ள ஒரு பயணப் பை வாங்க ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றின் விலையையும் கேட்ட அம்மா, "ஏம்மா, ஒரு பைக்கா இவ்வளவு காசு? பாட்டி அம்பது வருசம் ஒரே சுருக்குப் பையில ஓட்டுனாங்க" என்றார்.

அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம். பை வாங்கப் போன நான், பையின் வரலாற்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் சொல்லத்தக்க செய்திகள் அதில் இருப்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பழமொழியில் ஒரு பணப்பை

"மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்" என்ற பழமொழியை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். குற்றம் செய்யாதவன் அஞ்ச வேண்டியதில்லை என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பழமொழிக்குப் போய்விடுவேன். 'மடி' என்றால் என்னவென்று ஒரு மாணவன் கேட்டபோதுதான் நானே நின்று யோசித்தேன். வேட்டியை இடுப்பில் கட்டும்போது உண்டாகும் மடிப்பே மடி. காசை அதில் வைத்துச் சுருட்டிச் செருகிவிட்டால் ஓடினாலும் விழாது. நம் முன்னோர் வழிநடைப் பயணத்தில் பயன்படுத்திய பணப்பை அதுதான். பணத்தோடு நடந்தவனுக்குக் கள்வர் பயம் இருந்தது. அதிலிருந்தே பழமொழி பிறந்தது.

பெண்களுக்கு முந்தானை முடிச்சும் சுருக்குப் பையும் இருந்தன. சுருக்குப் பையின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். இருபுறமும் கயிற்றை இழுத்தால் வாய் முழுவதும் மூடிக்கொள்ளும். இடுப்பில் செருகிவிட்டால், அணிந்திருப்பவர் அறியாமல் எவரும் அதைத் திறக்க முடியாது. ஆண்களுக்குப் பின்னாளில் பை வைத்துத் தைத்த அகலமான பச்சை நிற இடுப்பு வார் வந்தது. இன்று சுற்றுலாப் பயணிகளுக்கென்று கடைகளில் தொங்கும் இடுப்புப் பைகளுக்கும் அந்தப் பச்சை வாருக்கும் துணியிலும் விலையிலும்தான் வேறுபாடு.

சுமக்காமலே சுமந்த பணம்

மடியில் கனமே இல்லாமல் கடல் கடந்து பணம் கொண்டுபோகும் வழியையும் நம்மவர்கள் அறிந்திருந்தார்கள். அதன் பெயர் உண்டியல். பினாங்கில் நகரத்தார் கிட்டங்கியில் பணத்தைக் கட்டிவிட்டு ஓர் ஓலையைப் பெற்றுக்கொண்டால், செட்டிநாட்டில் அவர்களுடைய கூட்டாளியிடம் அதைக் காட்டிப் பணம் பெறலாம். காட்டியவுடன் பணம் தரவேண்டிய உண்டியல், குறித்த நாள் கழித்துத் தரவேண்டிய உண்டியல் என வகைகளும் இருந்தன. பணம் கட்டியவரின் கையில் இருந்தது காகிதம் மட்டுமே.

மேற்கு நாடுகளில் இதே தேவைக்குப் பயணிகள் காசோலை வந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது இன்னொரு கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம். காசோலைகளின் எண்கள் அடங்கிய சீட்டைக் காசோலைகளோடு சேர்த்து வைக்கக்கூடாது என்பது அதில் முதல் விதி. காசோலை தொலைந்தாலும் எண் கையில் இருந்தால் இழந்த தொகையைத் திரும்பப் பெறலாம். இரண்டும் ஒரே பையில் இருந்து போய்விட்டால் பெரும் சிக்கல்தான். 'பிரித்து வை' என்ற இந்த விதியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். என் குடும்பத்தின் கதையும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறது.

காகிதம் கனமான காலம்

தோட்டத்துக்கு வேலைக்கு வந்த நம் மூதாதையர் பலருக்குச் சொந்தமாக எந்தக் காகிதமும் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டில் தமிழ்க் குடிவரவு நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களைச் சேர்த்துக் கப்பல் ஏற்றினார்கள். பினாங்கை அடைந்தோர் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயர் பிறருடைய பட்டியலில் இருந்தது. அவர்கள் மடியில் இருந்ததோ சில காசுகள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களிடம் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்தார்கள். மனிதனுக்கு ஒரு வில்லை. அதுவே அவனுடைய ஆவணம்.

முதல் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் கடப்பிதழ் கட்டாயமாகி வந்தது. 1920ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த உலக நாடுகள் சங்க மாநாடு, கடப்பிதழுக்குப் பொதுவான வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்தது: 32 பக்கங்கள், 15.5 சென்டிமீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் அகலம். மடியில் சுருட்டிச் செருகக்கூடிய பொருளன்று அது. பயணத்தில் காசு மட்டுமல்லாது காகிதமும் காக்கப்பட வேண்டிய காலம் தொடங்கிவிட்டது.

1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை நம் மூத்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தார்கள். முக்கியமானதை இடுப்பை விட்டு அகற்றவில்லை. 1970களில் அந்த வழியில் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் பயணக் காலமும் முடிந்தது.

இடுப்பில் இருந்த பணத்தின் கதியையும் சொல்லவேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டுகளை மக்கள் பையில் அடைத்துக்கொண்டு திரிந்தார்கள். 1945இல் ஜப்பான் தோற்றதும் அவை வெற்றுத் தாள்களாயின. அண்மைக் காலத்திலும் இதைப் பார்த்தோம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அடுத்த பயணத்துக்கு ஆகுமென்று எடுத்து வைத்த ரூபாய்கள் நம் நாட்டு அலமாரிகளிலும் இருந்தன. என் வீட்டிலும் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. வகுப்பில் காட்டுவதற்கு உதவுகின்றன.

பாட்டியின் சுருக்குப் பை

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்யப்பட்டு, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. சோதனைச் சாவடியில் காட்ட அட்டை இல்லாவிட்டால் தொல்லை. காட்டுக்குள் இருந்தவர்களோ மக்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். தோட்டத்து மக்கள் இரு பக்கத்துக்கும் அஞ்சி அந்த அட்டையைக் காத்தார்கள்.

என் பாட்டி 1936ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பெற்ற அட்டையைச் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் பால்மரம் வெட்டப் போவாராம். தாத்தா அப்படியல்லர். அவரிடம் காக்கித் துணியில் தைத்த ஒரு தோள்பை இருந்தது. சேமிப்பு, ரசீது, பத்திரம் எல்லாம் அதில்தான். 'எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டியதில்லை' என்பது அவருடைய கணக்கு.

1956ஆம் ஆண்டில் அவர்கள் வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வழியில் ஈப்போ பேருந்து நிலையத்தில், பாட்டி தண்ணீர் கேட்டாரென்று தாத்தா கடைக்குத் திரும்பிய நேரத்தில், அந்தப் பை காணாமற்போயிற்று. உள்ளே எண்பது வெள்ளி இருந்ததாம். தாத்தா அந்த எண்பது வெள்ளிக்காக அழுதார். இரண்டு ஆண்டுகளில் அதை மீண்டும் சேர்த்தும்விட்டார். அதே பையில் பாட்டியின் பிறப்புப் பத்திரமும் இருந்ததைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது. விடுதலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்துகொண்டு குடியுரிமை பெற வழி இருந்தது. ஆனால் இங்கே பிறந்தேன் என்பதற்குச் சான்று வேண்டும். பாட்டியின் சான்று போய்விட்டது. படி எடுக்கப் போனால் பழைய பதிவில் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். தகப்பன் பெயரும் பொருந்தவில்லை. அலைந்து அலைந்து ஓய்ந்தார்கள். பாட்டிக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. அது நிரந்தர வசிப்பாளருக்கானது.

1958இல் பிறந்த என் அம்மாவுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. விடுதலைக்குப் பின் இம்மண்ணில் பிறந்ததால் சட்டப்படி குடியுரிமை கிடைத்தது. ஒரே லயத்து வீட்டில் தாய் குடியுரிமை இல்லாதவர், மகள் குடிமகள். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டிக்கு அங்கே போக ஊரும் இல்லை, உறவும் இல்லை. அவர் பிறந்தது இங்கேதானே!

பாட்டிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பழனிக்குப் போக வேண்டும். அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் கிடந்தாராம். அப்போது முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைத்தார். குடியுரிமை இல்லாதவருக்கு இந்நாட்டுக் கடப்பிதழ் கிடையாது. மாமாக்கள் தலையெடுத்த பின்பு செலவுக்குப் பணம் இருந்தது. பயணம் செய்யக் காகிதம் இல்லை. 1999ஆம் ஆண்டில் சிவப்பு அட்டையோடே பாட்டி காலமானார். சுருக்குப் பையைத் திறந்து பார்த்தோம். அட்டை, ஒரு காய்ந்த பாக்கு, சில்லறை, அந்த மஞ்சள் முடிச்சு. இந்திய வம்சாவளியினரின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க அரசு 'மைடாஃப்தார்' பதிவு இயக்கத்தை நடத்தியது 2011ஆம் ஆண்டில். பாட்டி போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இடுப்பில் தனியாக இருந்த அட்டை ஐம்பது ஆண்டு பிழைத்தது. பணத்தோடு சேர்ந்திருந்த பத்திரம் ஒரு நொடியில் போயிற்று. திருடியவனுக்கு வேண்டியது பணம்தான்; அந்தப் பத்திரத்தை எந்தச் சாக்கடையில் எறிந்தானோ! எண்பது வெள்ளிக்காகப் பாட்டியின் நாற்பது ஆண்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அம்மா இன்றும் சொல்வார்.

இன்று எந்தப் பையை வாங்குவது?

இவ்வளவு கதையும் மனத்தில் ஓடிய பிறகு, நான் கடையில் பையைப் பார்த்த விதமே மாறிவிட்டது. அழகையும் விலையையும் விட்டுவிட்டு அளவுகோலோடு போனேன். நான் கண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, அளவு. இன்றைய கடப்பிதழ் 12.5 சென்டிமீட்டர் நீளமும் 8.8 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. மைகார்டும் வங்கி அட்டைகளும் ஒரே அனைத்துலக அளவு: ஏறக்குறைய 8.6க்கு 5.4 சென்டிமீட்டர். ஆனால் நம் 100 ரிங்கிட் நோட்டும் இந்தியாவின் 500 ரூபாய் நோட்டும் 15 சென்டிமீட்டர் நீளம். கடப்பிதழுக்கு அளவாகத் தைத்த உறையில் நோட்டை மடிக்காமல் வைக்க முடியாது. மடித்து வைத்தால் உறை புடைக்கும், புடைத்த உறை பிறர் கண்ணில் படும். உட்புற நீளம் 16 சென்டிமீட்டராவது இருக்கும் பையே ஏற்றது.

இரண்டாவது, பிரிவு. இதுவே தலையானது. கடப்பிதழும் அன்றாடச் செலவுப் பணமும் ஒரே பையில் இருக்கக்கூடாது. தேநீர் வாங்கும்போதெல்லாம் கடப்பிதழ் வைத்த பையை நாலு பேர் நடுவில் திறந்தால் எப்படி? ஆவணங்களுக்கு உடையின் உள்ளே அணியும் பை. அன்றைய செலவுக்கு வெளியே ஒரு சிறிய பை. உள்பையில் அவசரத்துக்குச் சிறிது பணமும் ஓர் அட்டையும். வெளிப்பையில் இன்னோர் அட்டை. ஒன்று போனாலும் மற்றொன்று வீடு சேர்க்கும்.

மூன்றாவது, வியர்வை. உடலோடு ஒட்டிய பையில் கடப்பிதழ் நனைந்து கெட்டுப்போகும். கெட்ட கடப்பிதழைக் குடிநுழைவு அதிகாரி ஏற்காமல் போகலாம். அழுத்தி மூடும் நெகிழிப் பை ஒன்றில் போட்டு வைத்தால் போதும். அதற்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, கடைக்காரர் பெரிதாகச் சொல்லும் 'மின்திருட்டுத் தடுப்பு'. நம் நாடு 1998ஆம் ஆண்டிலேயே, உலகில் முதலாவதாக, சில்லுப் பதித்த கடப்பிதழை வெளியிட்டது. இன்றைய கடப்பிதழ்களில் உள்ள சில்லைப் படிக்க, படம் உள்ள பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளிலிருந்து கருவி திறவுகோலைப் பெற வேண்டும். மூடிய கடப்பிதழைப் பைக்கு வெளியே இருந்து ஒருவன் படித்துவிடுவான் என்று அஞ்சிக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையில்லை என்பது என் கருத்து. நம் பயணங்களில் நேர்வது பெரும்பாலும் தாத்தாவுக்கு நேர்ந்த பழைய வகைத் திருட்டுத்தான்.

ஐந்தாவது, படி. கடப்பிதழின் முதற்பக்கம், விசா, அடையாள அட்டை ஆகியவற்றின் நகலைப் பெட்டியில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று என வைத்துவிடுங்கள். கைப்பேசியிலும் வைக்கலாம், ஆனால் மின்கலம் தீர்ந்துபோன கைப்பேசி எதையும் காட்டாது. பயணிகள் காசோலையின் எண்சீட்டு விதி இதற்கும் பொருந்தும்.

கடைசியில் நான் வாங்கியது, கழுத்தில் மாட்டி உடைக்குள் அணியும் மெல்லிய துணிப் பை. இரண்டு அறைகள், உறுதியான இழுப்பு, பட்டையான கயிறு. அலங்காரம் ஏதும் இல்லை. வெளிச்செலவுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. அம்மா பாட்டியின் சுருக்குப் பைக்குப் புதுக் கயிறு கோத்துத் தந்தார்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு 'மைகிட்' வழங்கப்படுகிறது. பன்னிரண்டு வயதானதும் மைகார்ட். ஆறாம் ஆண்டு மாணவர்கள் அட்டை எடுத்துக்கொண்டு பெருமையோடு வகுப்புக்கு வருவார்கள். சிற்றுண்டிச்சாலைக் காசு வைக்கும் பணப்பையிலேயே அதையும் வைத்திருப்பார்கள். அப்போதெல்லாம் பாட்டியின் கதையைச் சொல்வேன். வெளியே போகும்போது அட்டையை உடன் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காசை எடுக்க அடிக்கடி திறக்கும் பையில் அது இருக்கவேண்டாம்.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளையும் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோர் ஒவ்வொரு வாயிலாகப் போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வரும். ஆகவே இந்த விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள பிறப்பு, திருமண, குடியுரிமைப் பத்திரங்களை எடுத்து, பெயர்களின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒத்திருக்கிறதா என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே தேசியப் பதிவுத் துறைக்குப் போய்விடுங்கள். பத்திரங்களை நகைப் பெட்டியிலும் பணப் பெட்டியிலும் வைக்காதீர்கள். திருடன் முதலில் தேடும் இடங்கள் அவைதாம்.

பயணத்துக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி அடுக்கினோம். கடப்பிதழ்கள் உள்பைக்குள் போயின. செலவுக்கான ரூபாய் சுருக்குப் பைக்குள் போயிற்று. மஞ்சள் முடிச்சு மட்டும் மிஞ்சியது. காசுதானே என்று நான் அதைச் சுருக்குப் பைக்குள் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, அதை வாங்கித் தம் கடப்பிதழோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு மூத்தோரும் எதையேனும் மடியில் முடிந்து காத்திருப்பார்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழனியிலிருந்து திரும்பியதும் மீண்டும் எழுதுகிறேன்.